வியாழக்கிழமையே வா

மடியில் கிடக்கும் இரும்புத் துண்டுக்கு மட்டும் வெயில் ஏறவே இல்லை. தை மாதத்து வெயில் முழங்கால்வரை வந்து சேலையைச் சுட வைத்துவிட்டது, உள்ளங்கையைச் சுட வைத்துவிட்டது, இது மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து இப்போதுதான் எடுத்தது போலக் குளிர்ந்து கிடக்கிறது. அரைச் செங்கல் அளவு. ஒரு பக்கம் வழவழவென்று இருக்கும், பெயர்ந்த பக்கம் பல் பல்லாக. பிரமநாயகி பெருவிரலால் அந்தப் பற்களைத் தடவிக்கொண்டே போனாள், கடைசிப் பல்லில் விரல் குத்தியது, மறுபடி முதலிலிருந்து தடவினாள். கரண்ட் எட்டரைக்குப் போனது. பதினோரு மணிக்குக் கோர்ட்டிலிருந்து கமிஷனர் வருகிறார். போலீஸ் கமிஷனர் இல்லை, இடத்தைப் பார்த்து எழுதிக் கொடுக்கச் சொல்லி நீதிபதி அனுப்புகிற ஒரு வக்கீல். அவர் வருவதற்குள் இந்தத் துண்டு பழைய இடத்தில் பற்றவைக்கப்பட்டு, சிவப்புப் பெயின்ட் அடிக்கப்பட்டு, வாசல் இரும்புக் கேட்டு வைத்த நாளிலிருந்து அங்கேயே இருந்த மாதிரி இருக்க வேண்டும். மகன் நாதன் செய்திருக்கும் ஏற்பாடு அது. பற்றவைக்க வந்த இசக்கிமுத்து மிஷினைக் காரைத் தரையில் இறக்கி வைத்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்து பீடியைப் பற்றவைக்கலாமா வேண்டாமா என்று அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். பற்றவைக்கட்டும், யார் வேண்டாம் என்றது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு கேட்டைப் பார்த்தாள். இது இழுத்துத் திறக்கிற கேட்டு இல்லை, தள்ளுகிற கேட்டு. பத்தடி அகலம், ஆள் உயரத்துக்கு மேல் தகடு, அடியில் இரண்டு சக்கரம், தரையில் தண்டவாளம். தண்டவாளம் முடியும் இடத்தில் இந்தத் துண்டு நின்றது. சக்கரம் இதில் முட்டி நிற்கும். இது இல்லையென்றால் கேட்டு தூணில் இருக்கும் பிடியைத் தாண்டிப் போகும், தாண்டினால் சாயும். சாய்ந்தது. போன ஆனியில் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் சாய்ந்து ஞானப்பூவின் மேல் விழுந்தது. இப்போது மறுபடி தூக்கி நிறுத்தி, பாதி திறந்த நிலையில் சங்கிலி போட்டுப் பூட்டியிருக்கிறார்கள், யாரையோ கடித்துவிட்ட நாயைக் கட்டிப்போட்ட மாதிரி.

“வெயில்ல இருக்கியளே பெரியம்மா, உள்ள போய் இரிங்களேன்” என்றான் இசக்கி.

“இருக்கட்டும்.”

“ஈ.பி.க்குப் போன் பண்ணினேன். பத்தரைக்குள்ள வந்துரும்னான். எந்த ஊர்ப் பத்தரையச் சொன்னானோ.”

நாதனுக்குப் பத்தரைவரை பொறுக்க முடியவில்லை. பெங்களூரிலிருந்து ராத்திரி பஸ்ஸில் வந்து இறங்கியவன் பல் தேய்த்துக்கொண்டே போனில் பேசி, பேசிக்கொண்டே சட்டை மாட்டி, சாமியானாக் கடையில் ஜெனரேட்டர் எடுத்து வருகிறேன் என்று ஸ்கூட்டரில் கிளம்பினான். கிளம்புவதற்கு முன்னால் இந்த நாற்காலிப் பக்கம் வந்து குனிந்து, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல, அம்மா, அவங்க வரும்போது நீ பாட்டுக்கு உள்ள உக்காந்திரு, உனக்குக் காது சரியாக் கேக்காதுன்னு வக்கீல்ட்ட சொல்லி வச்சிருக்கேன், யாரு என்ன கேட்டாலும் என்னைக் கையக் காட்டு என்றான். காது. முப்பத்தாறு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இந்தக் காதை வைத்துத்தான் உனக்குச் சோறு போட்டேன் என்று சொல்ல வாய் வரை வந்தது. பலகை முழுக்க ஓட்டைகள், ஓட்டைக்கு மேல் மினுக்கும் விளக்குகள், கையில் ஒயர், தலையில் மாட்டின ஹெட்செட் கழற்றின பிறகும் ஒரு மணி நேரம் தலையிலேயே இருப்பது மாதிரி இருக்கும். மூச்சை வைத்தே ஆளைச் சொல்வாள். தூத்துக்குடி உப்பு வியாபாரி எச்சில் விழுங்கிவிட்டுத்தான் பேச ஆரம்பிப்பார். அம்பாசமுத்திரம் டாக்டர் கெட்ட செய்தி என்றால் முதலில் மழை பெய்கிறதா என்று கேட்பார். எல்லாம் கேட்டது. கேட்டதை வெளியே சொல்லக் கூடாது, அதுதான் வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கு எழுதி வாங்கிக்கொண்ட முதல் சத்தியம். கேள், இணை, மற. அப்படியே பழகிப்போய்விட்டது. கல்யாணம், பிள்ளைப்பேறு, மாமியார், கணவரின் பக்கவாதம், எல்லாவற்றையும் கேட்டாள், இணைத்தாள், வாயைத் திறக்கவில்லை. வாயைத் திறக்காத பெண்ணுக்கு இந்த ஊரில் நல்ல பெயர். அந்த நல்ல பெயரை வைத்துத்தானே நாதன் இவ்வளவு தைரியமாக ஏற்பாடு பண்ணியிருக்கிறான். அம்மா சொல்ல மாட்டாள். அம்மாவுக்குக் காது கேட்காது.

சம்மட்டிச் சத்தம் மூன்று தடவை கேட்டது, அது அவளுக்குத்தான் கேட்டது, வேறு யாருக்கும் கேட்டிருக்காது. பதினைந்து மாதத்துக்கு முன்னால், ஐப்பசியில், அவர் போன மறுநாள். கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் அவர். வெளியே சங்கு, சேகண்டி, பெண்களின் அழுகை. இதற்கெல்லாம் கீழே, பாட்டுக்கு அடியில் ஓடும் சுருதி மாதிரி, வாசலில் ஆண்கள் பேசிக்கொண்டிருந்தது. வண்டி உள்ள வராது. கேட்டு பூரா திறக்க மாட்டேங்கு. அந்த ஸ்டாப்பர எடுத்துட்டா இன்னும் ரெண்டடி போவும். எடுங்கல. அது கொழுந்தன் குரல். அப்புறம் சம்மட்டி, ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றாவது அடிக்கு இரும்பு விட்டுக் கொடுக்கிற சத்தம், பல் பிடுங்கும்போது தாடைக்குள்ளேயே கேட்குமே அப்படி. நாலு பேர் கேட்டைத் தாங்கிப் பிடித்துக்கொள்ள வண்டி உள்ளே வந்தது, அவர் போனார். யாரோ இந்தத் துண்டை ஜன்னல் திட்டில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். பத்து நாள் காரியமெல்லாம் முடிந்து வீடு காலியான பிறகு அவள்தான் எடுத்துப் போன் ஸ்டாண்டு டிராயருக்குள் வைத்தாள். வைத்துவிட்டு மறந்தாளா? இல்லை. அதுதான் விஷயம். மறக்கவில்லை. மறுவாரமே இசக்கியைக் கூப்பிட்டாள். வந்தான், மிஷினோடு வந்தான், இதே இடத்தில் இறக்கினான். அப்போது உள்ளேயிருந்து மதினி, அவருடைய அக்கா, வந்து நின்றாள்.

“என்னது பிரமு இது? ஆண்டுத் திவசம் கழியாம வாசல்ல தீப்பொறி பறக்கவா? ஆணி அடிக்கவே கூடாதுன்னு இருக்கு, நீ வெல்டிங் வைக்கியா?”

“சின்ன வேலைதான் மதினி. அஞ்சு நிமிஷம்.”

“அஞ்சு நிமிஷமோ அஞ்சு நாளோ. போனவன் வழி மறைக்கவா போற? நாளைக்கு உன் பிள்ளைக்கு ஏதாச்சும்னா என்னயக் கேக்காத.”

அவ்வளவுதான். இவளுக்கு அதில் நம்பிக்கை இருந்ததா? கல்லூரியில் தத்துவம் எடுத்துப் படித்தவள். நம்பிக்கை இருந்திருந்தால்கூட இப்போது ஒரு பிடிமானம் இருக்கும், நம்பினேன், ஏமாந்தேன் என்று சொல்லலாம். நம்பாமலே கேட்டுக்கொண்டாள். அலுப்பு. மதினியோடு வாதாட அலுப்பு, அழுது அழுது கண் எரிந்த அலுப்பு, சரி விடு, ஒரு வருஷம்தானே என்கிற அலுப்பு. இசக்கியைத் திருப்பி அனுப்பினாள். வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள், கேட்டை முக்கால் தள்ளினால் போதும், அதற்கு மேல் தள்ளாதே. பால்காரனுக்குச் சொன்னாள். தபால்காரனுக்குச் சொன்னாள். கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவனுக்குச் சொன்னாள். நாதனுக்கு மூன்று தடவை சொன்னாள், அவன் மூன்று தடவையும் ம்ம் என்றான்.

“அன்னைக்கே பத்த வச்சிருப்பேன்” என்றான் இசக்கி, அவள் நினைப்பு அவன் காதில் விழுந்த மாதிரி. பீடியைப் பற்றவைத்திருந்தான். “நீங்க போன்னியோ, நானும் போயிட்டேன். ஆம்பள இருந்து சொல்லிருந்தா நின்னு வாதாடியிருப்பேன். ஐயா போன துட்டி வீட்டுல என்னத்தப் பேசுறது.”

“யாராச்சும் உன்ட்டக் கேட்டா என்ன சொல்லுவ?”

“எதக் கேக்க?”

“இது முன்னாலயே இருந்துச்சான்னு.”

அவன் புகையை ஒரு பக்கமாக விட்டான். “எனக்குக் கம்பியப் பத்த வைக்கத் தெரியும் பெரியம்மா. கோர்ட்டுல பேசத் தெரியாது. நாதன் அண்ணாச்சி சொல்லுதாரு, பத்த வச்சிட்டு மேல உப்புத் தண்ணியத் தெளிச்சா துருப்பிடிச்ச மாதிரி இருக்குமாம். ஒரு மணி நேரத்துல துருப்பிடிக்கவா? கம்ப்யூட்டர்ல படிச்சிருப்பாரு போல.” சிரித்தான். அவள் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்துச் சிரிப்பைப் பாதியில் விழுங்கினான். “ரெட் ஆக்ஸைடு அடிச்சா தெரியாதுதான்” என்றான், யாரையோ காட்டிக் கொடுக்கிற குரலில்.

எல்லோருக்கும் சொன்னாள், ஞானப்பூவுக்குச் சொல்லவில்லை. இந்த இடத்தில்தான் நினைப்பு ஒவ்வொரு தடவையும் தட்டுகிறது, இசைத்தட்டில் கீறல் விழுந்த இடத்தில் முள் துள்ளுமே, அங்கே வந்ததும் முதலிலிருந்து. எல்லோருக்கும் சொன்னாள். பால்காரனுக்குச் சொன்னாள். தபால்காரனுக்குச் சொன்னாள். ஞானப்பூ இரண்டு வருஷம் அவருக்கு நர்ஸாக இருந்தவள். படித்து வாங்கின நர்ஸ் பட்டம் இல்லை, ஆனால் அவளை விடச் சுத்தமாக ஒரு உடம்பைப் புரட்டிப் போட்டுத் துடைக்க யாராலும் முடியாது. சமாதானபுரத்திலிருந்து காலை ஏழு மணி பஸ். கையில் தூக்குவாளி, தோளில் பை, கை இரண்டும் நிறைந்திருக்கும், அதனால் கேட்டை இடுப்பால்தான் தள்ளுவாள். ஒரே தள்ளு. கேட்டு கடகடவென்று ஓடி, முடிவில் டக் என்று முட்டும். அந்த டக் கேட்டால் கட்டிலில் கிடக்கிற மனுஷர் கண்ணைத் திறப்பார். ஞானப்பூ வந்துட்டா. பேச்சுப் போன வாயில் அந்தப் பெயர் மட்டும் பாதி வரும், ஞா, ஞா. அவருக்குக் கால் நகம் வெட்டும்போது அவள் பேசிக்கொண்டே இருப்பாள். “ஐயா, இம்புட்டு நகம் வளத்து என்ன செய்யப் போறிய, வீணையா வாசிக்கப் போறிய? எங்க சர்ச்சுல கிதார் வாசிக்க ஆள் வேணுமாம், வாரியளா?” வலிக்காமல் வெட்டுவாள். வெட்டின துண்டுகளைக் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டுபோய் எரித்துவிடுவாள். அவர் போன அன்றைக்கு அவளும் மதினியும்தான் உடம்பைக் குளிப்பாட்டினார்கள். வண்டி வருவதற்கு முன்னாலேயே அவளுக்கு வேறொரு வீட்டில் ராத்திரி டியூட்டி, போய்விட்டாள். சம்மட்டி அடிக்கும்போது அவள் இல்லை. அவள் உடம்புக்குத் தெரிந்த கேட்டு டக் என்று நிற்கிற கேட்டு. அவள் இடுப்புக்கு யார் போய்ச் சொல்வது.

இந்த எட்டு மாதமாக, இல்லை, ஏழு, ஆனி ஆடி ஆவணி புரட்டாசி ஐப்பசி கார்த்திகை மார்கழி, ஏழு மாதமாகத் தன் கால் விரலைப் பிரமநாயகி யாருக்கும் காட்டவில்லை. இப்போதும் சேலை விளிம்புக்குள் இழுத்து வைத்திருக்கிறாள். குனிய முடியாது. குனிந்தால் முதுகில் கம்பி இழுக்கும். அதனால்தான் ஞானப்பூவைக் கூப்பிட்டாள். கேட்டால் சிரிப்பார்கள், ஒரு மனுஷி எதற்காகச் செத்தாள் என்று கேட்டால். அன்றைக்கு ஒரு செவ்வாய்க்கிழமை, மத்தியானம், துக்க வருஷம் என்று சொந்தக்காரர்கள் நல்லது கெட்டதுக்குக் கூப்பிடாமல் ஒதுக்கி வைத்த வீடு, சுவரில் பல்லி, சுண்டு விரல் நகம் செருப்பில் பட்டு வலித்தது. டயல் பண்ணினாள். இந்த விரலால். ஞானப்பூ, உன் குரலைக் கேட்டு எம்புட்டு நாளாச்சு. அம்மா, நல்லாருக்கியளா, ஒத்தையில என்ன செய்றிய? என்னத்தச் செய்ய, நகம் வளத்துக்கிட்டு இருக்கேன். அந்தப் பக்கம் சிரிப்பு. வெட்ட ஆளில்லாமத்தான் கூப்பிட்டியளாக்கும்? வாரேன்மா, வெள்ளிக்கிழமை எனக்கு லீவு. வெள்ளிக்கிழமை நகம் வெட்டக் கூடாதுட்டி. எங்களுக்கு ஒண்ணும் ஆகாதும்மா, எங்க சாமி நகத்தையெல்லாம் பாக்காது. எங்க சாமி பாக்கும், வியாழக்கிழமையே வா. சரிம்மா, வியாழன் சாயங்காலம் வாரேன், பெரிய நகவெட்டியக் கொண்டாரேன். அவ்வளவுதான் பேச்சு. ஒரு நிமிஷம்கூட இருக்காது. முப்பத்தாறு வருஷம் மூன்று நிமிஷ டிரங்க் காலுக்குள் என்னென்ன சொல்லலாம் என்று ஊருக்கே கற்றுக்கொடுத்தவள், அந்த ஒரு நிமிஷத்தில் வெள்ளிக்கிழமையைச் சொன்னாள், சாமியைச் சொன்னாள், கேட்டைச் சொல்லவில்லை.

வியாழக்கிழமை நாலு மணிக்கே வெந்நீர் போட்டுப் பேசினில் ஊற்றிக் கல்லுப்பு போட்டுக் காலை ஊற வைத்துவிட்டாள். ஊறினால்தான் நகம் இளகும். வாசல் அறையில், போன் பக்கத்தில். ஐந்து மணிக்கு முன்னால் தெருவில் செருப்புச் சத்தம் கேட்டது, இடது கால் கொஞ்சம் இழுத்து வைக்கிற செருப்பு, அவள்தான். பின்னால் தெரிந்தது, கையில் நொங்கு வாங்கி வந்திருக்கிறாள், ஒரு ஓலைக் கட்டு. கை நிறைந்திருந்தது. இடுப்பால் ஒரு தள்ளு. சக்கரம் ஓட ஆரம்பித்தது. கடகட. கடகட. இந்தச் சத்தத்தின் நீளம் இவளுக்குத் தெரியும், பாட்டு எந்த இடத்தில் முடியும் என்று தெரிவது போல. முடிய வேண்டிய இடம் வந்தது. டக் வரவில்லை. கடகட என்று இன்னும் ஓடியது. அந்த ஒரு இம்மிக்குள் எல்லாம் தெரிந்துவிட்டது, தெரியாது என்று யாரிடம் சொன்னாலும் தன்னிடம் சொல்ல முடியாது, எல்லாம் தெரிந்துவிட்டது, சம்மட்டி, மதினி, இசக்கி, டிராயருக்குள் துண்டு, வியாழக்கிழமையே வா. நில்லு என்று கத்தியிருக்கலாம். மதுரை வரை கேட்கிற குரல் அது, லைன் கிடைக்காத நாளில் கத்திப் பழகின தொண்டை. கத்தவில்லை. வாய் திறந்திருந்தது. பிறகு வந்த சத்தத்தை அவள் நினைப்பதில்லை, அதை மட்டும் நினைக்காமல் சுற்றிப் போய்விடுவாள், சாக்கடை மூடி திறந்து கிடக்கும் இடத்தைத் தெருவில் சுற்றிப் போவது மாதிரி. ஈரக் காலோடு எழுந்து ஓடினாள். தரை முழுக்க ஈரக் கால்தடம். வந்து பார்த்த போலீஸ்காரர் கால்தடத்தைப் பார்த்தார், பேசினைப் பார்த்தார், பெரியம்மா குளிச்சுக்கிட்டு இருந்தியளா என்று அவரே கேட்டு அவரே எழுதிக்கொண்டார். இரும்புக் கதவு சரிந்து விழுந்ததில் மரணம் என்று எழுதினார். அதில் தடுப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அப்படி ஒன்று இருக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

விதி என்றார்கள். மதினிதான் முதலில் சொன்னாள். அவ விதி பாரேன், வேலைய விட்டு எட்டு மாசம் கழிச்சு இந்த வாசல்ல வந்து. எதிர்வீட்டுக்காரி சொன்னாள், கொழுந்தன் சொன்னார், ஒருத்தர் சொன்னதை ஒருத்தர் வாங்கிக் கைமாற்றி, பிரசாதம் மாதிரி இவளிடமும் கொடுத்தார்கள். இவள் வாங்கிக்கொள்ளவில்லை. விதி இல்லை, ஒரு அரைச் செங்கல் இரும்பு. அது இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. அதை இல்லாமல் பண்ணினது கொழுந்தன் கை, இருக்க விடாமல் பண்ணினது மதினி வாய், வீடு யார் பெயரில் இருக்கிறது? பிரமநாயகி. என் வாசல், என் கேட்டு, என் நகம். இதில் விதிக்கு எங்கே இடம், நாற்காலி போட இடமில்லை. வக்கீல் ஆபீஸில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது, குளிரில் இவள் முந்தானையைப் போர்த்திக்கொண்டிருந்தாள். நாதனோடு படித்தவர்தான், மரியாதையான பிள்ளை. “அம்மா, நம்ம கூப்பிட்டு ஒருத்தர் வந்து அடிபட்டா வீட்டுக்காரங்களுக்குப் பொறுப்பு ஜாஸ்தி. அவங்களா வந்திருந்தா அவ்வளவு இல்ல. அந்தம்மாவ நீங்க கூப்பிடலைல்ல?” இவள் வாயைத் திறந்தாள். நாதன் சொன்னான், “அம்மா எதுக்குக் கூப்பிடப் போறா? அப்ப அவ வேலைய விட்டு நின்னு எட்டு மாசமாயிருந்துச்சு.” வக்கீல் தலையை ஆட்டி எழுதிக்கொண்டார். திறந்த வாயை மூடினாள். இரண்டாவது தடவை. அன்றைக்குக் கேட்டுச் சத்தத்துக்கு ஒன்று, இது இரண்டு. டைப் அடித்து வந்த பதில் மனு உள்ளே மேஜையில் கிடக்கிறது, அவள் கையெழுத்துக்காக. இறந்துபோனவர் எந்த அழைப்பும் இன்றி, தம் சொந்த விருப்பத்தின் பேரில், உள்ளே நுழைந்து, முறையாகப் பொருத்தப்பட்ட தடுப்பு இருந்தும் கதவை மூர்க்கமாகத் தள்ளியதால். மூர்க்கமாக. ஞானப்பூவா? பழுத்த புண்ணுக்கு மேல் பஞ்சை வைத்தால் பஞ்சுக்கே தெரியாமல் வைப்பாள். அவள் மகள் ஜெமிமா, செல்போன் கடையில் நிற்கிற பிள்ளை, அடக்கத்துக்குப் போனபோது கல்லறைத் தோட்டத்தில் இவள் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டது. எங்கம்மா எதுக்கு அங்க வந்தா? நாதன் பக்கத்தில் நின்றான். இவள் அந்தக் கையைத் தடவிக் கொடுத்தாள். அதையும் சேர்த்தால் மூன்று. அந்தப் பதில் கிடைக்காமல்தான் அந்தப் பிள்ளை நஷ்டஈடு கேட்டுக் கோர்ட்டுக்குப் போயிருக்கும், வேறெதற்கும் இல்லை. வீடு போயிரும்மா என்று நாதன் நேற்று போனில் கத்தினான், அப்பா கட்டின வீடு. போகட்டுமே. பயமில்லையா? பயம்தான். எழுபத்தொரு வயதில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெங்களூரில் பத்தாவது மாடியில் போய் உட்கார்ந்து, அங்கே ஜன்னலைத் திறக்கக் கூடாதாம், லிஃப்டுக்குள் எந்தப் பொத்தானை அமுக்குவது என்று ஒவ்வொரு தடவையும் கேட்டுக்கொண்டு. பயமாகத்தான் இருக்கிறது. பயம் ஒரு பக்கம் இருந்துவிட்டுப் போகட்டும், அதுவும் ஒரு குடித்தனம். ஆனால் இந்தத் துண்டை அங்கே ஒட்டவைத்துவிட்டால் ஞானப்பூவின் இடுப்பு பொய் சொன்னதாக ஆகிவிடும். இரண்டு வருஷம் ஒரு நாள் தவறாமல் டக் என்று சொன்ன இடுப்பு.

உள்ளே ஃபிரிட்ஜ் உறுமியது. கூடத்தில் விசிறி சுற்ற ஆரம்பித்த சத்தம், பூஜை அறையில் சின்ன பல்பு எரிகிற சத்தம்கூட இவளுக்குக் கேட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

“வந்துட்டு!” இசக்கி பீடியை அணைத்து எழுந்தான். ஒயரை எடுத்துக்கொண்டு உள்ளே போய் மாட்டிவிட்டு வந்தான். கறுப்புக் கண்ணாடிப் பலகையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, தண்டவாளத்தின் கடைசியை வயர் பிரஷ்ஷால் ஒரு தேய் தேய்த்தான். “பத்து நாப்பது. தாராளமாக் காணும். பெரியம்மா, கொஞ்சம் எந்திரிங்க, நாற்காலி சரியா அங்கனதான் கிடக்கு. அதக் குடுங்க.”

அவன் கை நீண்டிருந்தது. அகலமான கை, நகத்துக்குள் கறுப்பு. இவள் துண்டை எடுத்துப் பார்த்தாள். கொடுத்துவிட்டால் ஐந்து நிமிஷம். அன்றைக்கும் ஐந்து நிமிஷம்தான் கேட்டாள்.

“இப்ப வேண்டாம் இசக்கி.”

“என்ன பெரியம்மா?”

“பத்தவை. இன்னைக்கே பத்தவை, நல்லா அழுத்தமா வை, இன்னொருத்தர் தலையில விழக் கூடாது. ஆனா அவரு வந்து பாத்துட்டுப் போகட்டும். எப்படி இருந்துச்சோ அப்படியே பாக்கட்டும்.”

“அண்ணாச்சி வந்தா என்னய ஏசுவாரே.”

“ஏசுனா, அம்மாதான் சொன்னான்னு சொல்லு. எனக்குக் காது கேக்காது, ஏசுறது விழாது.”

இசக்கி பலகையைக் கீழே வைத்தான். மிஷினை அணைத்துவிட்டு, போகாமல், தூண் ஓரமாக நின்றுகொண்டான். கேட்டா நானும் சொல்லுதேன் என்று முனகினான், அன்னைக்கு வந்தேன், திருப்பி அனுப்பிட்டாங்கன்னு. சொல்லு என்றாள். மன்னிப்புக் கேட்பதா என்று அவளுக்குள் ஒரு எண்ணம் ஓடியது, ஜெமிமா வந்தால், கையைப் பிடித்து. வேண்டாம். மன்னிப்புக் கேட்டால் அதைக் கொடுக்கிற வேலை அந்தப் பிள்ளை தலையில் விழும். இந்த வீடு அந்தக் குடும்பத்துக்குக் கொடுத்த வேலையெல்லாம் போதும். கேட்ட கேள்விக்குப் பதில், அது மட்டும். லைன் இருக்கிறது, பேசு.

பதினொன்றுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது மோட்டார் சைக்கிளில் ஒரு இளவயது வக்கீல் வந்து இறங்கினார், ஹெல்மெட்டும் ஃபைலுமாக. அவருக்குப் பின்னால் ஆட்டோவில் ஜெமிமா. பாதி திறந்த கேட்டுக்கு முன்னால் நின்று, தகட்டைத் தொடாமல், சேலையும் படாமல், உடம்பை ஒருக்களித்து இடைவெளி வழியாக உள்ளே வந்தது அந்தப் பிள்ளை. அம்மாவின் நெற்றி. இடது காலைக் கொஞ்சம் இழுத்து வைக்கிறது, அட, அதுவும் அம்மாவா.

“இந்த முனையில தடுப்பு ஏதும் இருக்குதாம்மா?” என்றார் கமிஷனர், குனிந்து தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே.

“இருந்துச்சு. எங்க வீட்டுக்காரர் இறந்த மறுநாள், வண்டி உள்ள வரணும்னு பேத்து எடுத்தாங்க. திருப்பி வைக்க ஆள் வந்தான், நான்தான் வேண்டாம்னு அனுப்பினேன். அந்தா நிக்கான் பாருங்க. கேட்டு விழுந்த அன்னைக்கு வரைக்கும் எட்டு மாசம் இது இல்லாமத்தான் இருந்துச்சு.” துண்டை இரண்டு கையாலும் எடுத்து நீட்டினாள். “இதுதான் அது.”

அவர் வாங்கினார். கை சற்றுத் தாழ்ந்தது.

தெரு முனையில் லோடு ஆட்டோ திரும்பியது, அதில் ஜெனரேட்டர், முன்னால் ஸ்கூட்டரில் நாதன். கேட்டுக்கு வெளியே நிறுத்தி ஓடி வந்தான். “சார், சார், அம்மாவுக்குக் காது கேக்காது சார், நீங்க என்ன கேட்டீங்கன்னு தெரியாம ஏதாவது...”

“நல்லாக் கேக்கும் சார்” என்றாள் பிரமநாயகி. டிரங்க் பலகையின் முன்னால் உட்கார்ந்திருந்தபோது இருந்த குரல், அவளுக்கே அது இன்னும் உள்ளே இருப்பது தெரிந்திருக்கவில்லை. நாதன் நின்றுவிட்டான். அவள் அவனைப் பார்க்கவில்லை, ஜெமிமாவைப் பார்த்தாள். “அன்னைக்கு நீ என்ட்ட ஒண்ணு கேட்டியே, எங்கம்மா எதுக்கு வந்தான்னு. அவளா வரல. நான்தான் போன் பண்ணிக் கூப்பிட்டேன். வெள்ளிக்கிழமை வாரேன்னா. வியாழக்கிழமையே வான்னு சொன்னேன். கேட்டுல தடுப்பு இல்லைன்னு சொல்லல.”

“எதுக்குக் கூப்பிட்டிய?”

“என் கால் நகம் வெட்ட.”

அந்தப் பிள்ளையின் முகத்தில் ஒன்றும் உடனே மாறவில்லை. தூரத்து ஊருக்குப் பேசும்போது, சொன்னது போய்ச் சேர்ந்து பதில் திரும்பி வர ஒரு இடைவெளி இருக்குமே, அப்படி.

“அதுக்கா?”

“அதுக்குத்தான்.”

அம்மா, உள்ள போ என்றான் நாதன். கமிஷனரின் பேனா காகிதத்துக்கு மேல் நின்றது. “இதையும் எழுதிக்கட்டுமாம்மா?”

“எழுதுங்க. நகம்னே எழுதுங்க.”

பேனா ஓடுகிற சத்தம் கேட்டது. ஜெமிமா குனிந்து இவள் பாதங்களைப் பார்த்தாள். ஏழு மாதத்து நகங்கள், மஞ்சளாக, தடித்து, வளைந்து, ஒன்று ஓரத்தில் உடைந்து. வெயில் அதற்குள் பாதம்வரை வந்திருந்தது. பிரமநாயகி கால்களை உள்ளே இழுத்துக்கொள்ளவில்லை.